சாவி அவள் கையில் இருந்தது

இந்த நினைவுக் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சக ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் இருக்கும் பேராசிரியரின் துணைவியார் அம்மா அவர்களே, திரையரங்க அறையில் நமக்குப் படம் ஓட்டும் அண்ணன் அவர்களே, நிற்க இடமின்றி வாசல்வரை நிறைந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். பேசவேண்டியவர் பேசாமல் போய்விட்டார். பேசாமல் இருந்தவன் பேச வந்திருக்கிறேன்.

அவரைப் பேராசிரியர் என்று நாங்கள் அழைப்போம். ‘நிறுத்துங்க சார்’ என்று நீங்கள் அழைப்பீர்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இங்கே யாருக்குத்தான் தெரியாது? ஒன்றரை மணி நேரப் படத்தை மூன்று வாரம் ஓட்டிய மனிதர் அல்லவா அவர்! “சார், கொலைகாரன் யாருன்னு தெரியறதுக்குள்ள பரீட்சை வந்துடும்” என்று ஒரு மாணவி கெஞ்சினாள். “கொலைகாரன் கிடக்கறான்மா. மாமனார் மருமகனை இவ்வளவு நேரம் ‘நீங்க’ன்னாரு. இப்ப ‘நீ’ன்னுட்டாரு. அந்த வீட்ல என்னமோ உடைஞ்சுபோச்சு. அண்ணே, நிறுத்துங்க!” என்றார்.

உலக சினிமா என்றால் அவருக்கு விருதுப் பட்டியல் அல்ல. “ஒரு நாட்டைத் தெரிஞ்சுக்கணும்னா கொடியைப் பார்க்காதே. யாரு யாரை என்ன சொல்லிக் கூப்பிடறாங்க, யாரோட பேச்சைக் கேட்டு மத்தவங்க சிரிக்கறாங்க, அதைப் பாரு” என்பார். பண்பாட்டையும் மொழியையும் தேசம் என்கிற உணர்வையும் ஒரே காட்சிக்குள் காட்டிக் கொடுக்க அவரைப்போல் இன்னொருவர் உண்டா? இல்லை! நான் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய புகழ்பெற்ற பாடம் ஒன்று உண்டு. ஒரு சிறிய நாட்டின் படம். எல்லைச் சாவடியில் ஒரு பெண்ணை மறித்து, எங்கே போகிறாய் என்று கேட்கிறான் காவலன். அவள் பதில் திரையின் அடியில் தமிழில் வரும்: ‘என் தாய்நாட்டுக்கு. அதன் வாசல் எனக்காகத் திறந்தே இருக்கிறது.’ பேராசிரியர் நிறுத்தச் சொல்வார். “வீட்டுக்குன்னு சொல்லியிருக்கலாம். தாய்நாட்டுக்குன்னு ஏன் சொன்னா?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியிலிருந்து இரண்டு வகுப்புகள் விரியும். அவள் கையில் ஒரு சாவி இருக்கும். அதற்கும் ஒரு விளக்கம் உண்டு. அதையெல்லாம் சேர்த்து அவர் ஒரு புத்தகமே எழுதினார். ஒன்பது ஆண்டு உழைப்பு!

அந்தத் தமிழ் வரியை எழுதியவன் நான்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் நம் கருத்தரங்கக் கூடத்தில் அவர் அந்தக் காட்சியை விளக்கினார். அந்த நாட்டிலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த ஒரு மாணவி எழுந்தாள். நம் தமிழை அவள் தட்டுத்தடுமாறித்தான் பேசினாள். “மன்னிக்கணும் சார். அவ அப்படிச் சொல்லல. ‘வீட்டுக்குப் போறேன். கதவைப் பூட்டாம வந்துட்டேன்’னுதான் சொல்றா.”

கூடம் சிரித்தது. நண்பர்களே, நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிழை என்னுடையது” என்றார். யார் எழுதிய வரி என்று யாரோ கேட்டதற்கும் அதே பதிலைத்தான் சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் என்னிடம் கேட்டார். “ஏன்யா, படத்தோட நமக்கு வந்த இங்கிலீஷ் வசனத்தாள்லயே அப்படித்தான் இருந்துச்சா?”

“ஆமா சார்” என்றேன்.

பொய்! வசனத்தாளில் ‘வீட்டுக்கு’ என்றுதான் இருந்தது. கதவு பூட்டாமல் கிடக்கிறது என்பதும் இருந்தது. எனக்குத்தான் அது சப்பென்று பட்டது. இவ்வளவு பெரிய எல்லை, இவ்வளவு துப்பாக்கி, இதற்கு நடுவில் ஒருத்தி கதவைப் பற்றியா கவலைப்படுவாள் என்று நினைத்தேன். கைதட்டல் விழட்டும் என்று பூசி மெழுகினேன். முதல் திரையிடலில் கைதட்டலும் விழுந்தது.

“அப்போ உன்மேல தப்பில்ல” என்று என் தோளைத் தட்டினார். “என்னைத்தான் சொல்லணும். சாவி அவ கையில இருக்கு, எத்தனை தடவை பார்த்திருப்பேன்! எழுத்தைப் படிச்சேன், கையைப் பார்க்கல.” மறுவாரம், அச்சுக்குக் கொடுத்திருந்த புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். துறைத்தலைவர் பதவிக்கு அவர் பெயர்தான் போயிருந்தது; அதையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்த நாற்காலியில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறான்? உங்கள் முன்னால் நிற்கிறானே, இவன்தான்.

சென்ற வியாழக்கிழமை அம்மா என்னை வீட்டுக்கு அழைத்தார்கள். “தம்பி, உங்க பேர் போட்ட உறை ஒண்ணு அவர் மேஜையில இருந்துச்சு. நான் பிரிக்கல” என்றார்கள். உள்ளே அந்த வசனத்தாளின் நகல் இருந்தது. ‘வீட்டுக்கு’ என்ற இடத்தில் பென்சில் கோடு. நூலகத்திலிருந்து நகல் எடுத்த தேதி முத்திரை, கருத்தரங்கு முடிந்த மூன்றாம் நாள். ஓரத்தில் அவருடைய சின்ன எழுத்தில் இரண்டே சொற்கள்: ‘அவனே சொல்லட்டும்.’

தெரிந்தேதான் பதினொரு ஆண்டும் என்னோடு தேநீர் குடித்தாரா? தெரிந்தேதான் என் மகள் திருமணத்தில் எனக்கு முன்னால் வந்து வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றாரா? எத்தனை சந்தர்ப்பம் கொடுத்திருப்பார்! நான் எல்லாவற்றையும் மென்று விழுங்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அம்மா, உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

முதல்வர் அவர்களே, அவர் புத்தகம் வெளிவர வேண்டும். அந்த அத்தியாயமும் இருக்கட்டும். அதன் தலைப்புக்குக் கீழே பிழை யாருடையது என்று என் பெயரோடு அச்சாகட்டும். அந்த நாற்காலி பற்றிய என் கடிதம் உங்கள் மேஜையில் இருக்கிறது.

மாணவர்களே, திங்கட்கிழமை வகுப்பு உண்டு. அதே படம். எல்லைச் சாவடி வந்ததும் நான் நிறுத்தச் சொல்வேன். வரியைப் படிக்காதீர்கள், அவள் கையைப் பாருங்கள் என்பேன். கதவைப் பூட்ட மறந்த ஒருத்திக்கு நாடு என்றால் என்ன என்று அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை, நாம் எல்லாரும் சேர்ந்து கேட்போம். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

சார், ரொம்ப நேரம் காக்க வைத்துவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன்.