பச்சை அடிக்க மறுத்த குகநாதன் அண்ணை

மேடையில் வீற்றிருக்கும் முதியோர் மன்றத் தலைவர் லெட்சுமணன் ஐயா அவர்களே, மன்றத்தின் செயற்குழுப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குகநாதன் அண்ணையின் துணைவியார் பிரியந்தி அக்கா அவர்களே, கொட்டும் மழையிலும் மனோர் பார்க்கிலிருந்தும் வெஸ்ட் ஈலிங்கிலிருந்தும் வந்து இந்த ஈஸ்ட் ஹாம் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐந்து நிமிடத்தில் முடிக்கும்படி ஒரு துண்டுச் சீட்டை என் முன்னே வைத்திருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும். முடியாது. குகநாதன் அண்ணையை இரண்டு கோடைகாலம் காக்க வைத்தவர்கள் என்னைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளலாம்.

என் பெயர் வான்மதி. ஈப்போவில் பிறந்தவள். சட்டம் படிக்க லண்டனுக்கு வந்து, வழக்கறிஞராக இங்கேயே தங்கிவிட்டவள். எங்கள் ஊரில் 'அண்ணே' என்போம். ஆனால் இந்த மன்றத்தில் எல்லாரும் அவரை 'அண்ணை' என்றதால் எனக்கும் அவர் அண்ணை ஆகிவிட்டார். அவருடைய விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தவள் நான். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். 'சேவைச் செம்மல் அமரர் குகநாதன்'! இந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள்? எப்போது கொடுத்தார்கள்? போன கோடையில் இதே மண்டபத்தில் அவருக்கு வேறொரு பட்டம் இருந்ததே, மறந்துவிட்டீர்களா? பழைய இராணுவ வண்டி வாங்கினார் என்பதற்காக 'ஆமிக் குகன்' என்று கூப்பிட்டுவிட்டுச் சிரித்தீர்களே! இறந்தவுடன் செம்மல் ஆகிவிட்டாரா? அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது அவருக்காகக் கவுன்சிலுக்கு நான்கு வரி எழுதித் தர இந்தச் செயற்குழுவுக்கு நேரம் கிடைக்கவில்லை. இன்று பூமாலை வாங்க மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது.

கதை தெரியாதவர்களும் வந்திருக்கிறீர்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். குகநாதன் அண்ணை போருக்குத் தப்பி ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்கு வந்தவர். ரயில் பாலத்தின் கீழே ஒரு கராஜ் வைத்திருந்தார். நம்மில் பாதிப் பேரின் கார்கள் அவர் கையால் பிழைத்தவை. நம் மன்றத்தில் செல்வமலர் அம்மா இருக்கிறார். அதோ, கதவருகே சக்கர நாற்காலியில் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய கணவர் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குச் சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டும். பிள்ளைகள் கொண்டுபோய்க் கரைக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "அம்பத்தாறு வரியம் அந்த மனிசனோடை இருந்தனான். என்ரை கையாலைதான் விடுவன்."

விடலாம். ஆனால் எப்படிப் போவது? நாம் வழக்கமாகப் போகும் அந்தக் கடற்கரையின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று தலைவர் காதில் சொல்லியிருக்கிறார். சரி, சொல்லவில்லை. அங்கே கடல் உள்வாங்கினால் தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத்தான் தெரியும். இடையில் எல்லாம் ஈர மணலும் சேறும். சக்கர நாற்காலி நாலடி போவதற்குள் புதைந்துவிடும். அந்தக் கடற்கரை ஊரின் கவுன்சிலிடம் மணலில் ஓடும் நாற்காலி ஒன்று உண்டு. ஒன்றே ஒன்று! அதுவும் தண்ணீருக்குப் பக்கத்தில் போகக் கூடாதாம். பிறகு எதற்கு அது? படகில் போகலாமே என்றார் ஒருவர். வீட்டு வாசற்படியே இறங்க முடியாதவரை, ஆடுகிற படகில் யார் இறக்குவது? சாம்பல் செம்பு அம்மாவின் அலுமாரியிலேயே இருந்தது. ஆடி அமாவாசை வரும்போதெல்லாம் மன்றத்தின் மற்ற முதியவர்களும் கடல் கடல் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அந்தக் கடற்கரையில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு கண்காட்சி நடக்கும். பழைய இராணுவ வண்டிகளைத் துடைத்து மெருகேற்றிக் கொண்டுவந்து மணலில் ஓட்டுவார்கள். பின்னால் குடும்பம் குடும்பமாக ஏறி ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி தண்ணீர் விளிம்புவரை போய் வருவார்கள். அதற்குக் கவுன்சில் அனுமதி கொடுக்கிறது. அண்ணை அதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா இருந்தாரா? ஏலத்தில் ஒரு பழைய இராணுவ ட்ரக்கை வாங்கினார். பின்பக்கம் சாய்வுப் பலகை பொருத்தி, நாற்காலிகளை இறுக்கிக் கட்ட வளையங்கள் வைத்தார். அந்த வண்டிப் பிரியர்களின் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு தேநீர் குடித்தார். காப்புறுதி, பிரேக் பரிசோதனை, பறவைகள் முட்டையிடும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி ஓட்டுவது என்று கவுன்சில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்தார். அனுமதி கிடைத்தது. ஆம், கிடைத்தது! ஆடி அமாவாசைக்கு ஒரு நாள், அந்த ட்ரக் பொதுக் கடற்கரையில் ஓடலாம்.

பயணத்துக்கு முன் எல்லாரையும் ஏற்றிப் பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை ட்ரக்கை இந்த மண்டப வாசலுக்குக் கொண்டுவந்தார். வெளியே எல்லாரும் புதுச் சேலையும் வேட்டியுமாக, வடைப் பொட்டலங்களோடு காத்திருந்தார்கள். ட்ரக் திருப்பத்தில் வந்தது. அடர்ந்த பச்சை. மேலே கித்தான் கூடாரம். ஒவ்வொருவராகப் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். தவராசா ஐயா, இங்கே இருக்கிறீர்கள், உங்களைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் சட்டைப் பையிலிருந்து உங்கள் பிரீடம் பாஸை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பஸ்ஸில் ஏறக் காட்டும் அந்த அட்டையை! உங்களைப் பார்த்து மற்றவர்களும் கைப்பையைத் திறந்தார்கள்.

நான் மலேசியாக்காரி. எனக்கு என்ன தெரியும்? "ஐயா, இது நம்ம வண்டி, பாஸ் எல்லாம் வேண்டாம்" என்றேன். நீங்கள் என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள். "பிள்ளை, அடையாள அட்டையைக் கையிலை வைச்சிருக்கவேணும். கேக்கிறதுக்கு முன்னம் காட்டவேணும்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் ஈஸ்ட் ஹாமில் நிற்கவில்லை, ஊரில் ஏதோ ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் நிற்கிறார்கள்.

அண்ணை எஞ்சினை நிறுத்தினார். இறங்கி வந்தார். உங்கள் கையிலிருந்த பாஸை மெல்ல வாங்கி, உங்கள் பைக்குள்ளேயே திரும்ப வைத்தார். "உள்ளை இருக்கட்டும் அண்ணை. உங்களிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். செல்வமலர் அம்மா அவரைப் பார்த்துச் சொன்னார். "என்ரை தம்பியை ஏத்திக்கொண்டு போனதும் இந்தப் பச்சைதான் ராசா." அன்று யாரும் ஏறவில்லை. வடைப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமலே வீட்டுக்குப் போயின.

அன்று மாலை கராஜில் அண்ணை என்னிடம் சொன்னார். "நான் எஞ்சினைப் பாத்து வாங்கினனான் பிள்ளை. நிறத்தைப் பாக்கேல்லை." அவரும் அதே ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்தான். ஆனால் ஒரு மெக்கானிக்கின் கண்ணுக்கு வண்டி என்றால் எஞ்சின்தான். அடுத்த நாளே சுரண்டத் தொடங்கினார். என்ன நிறம் வேண்டும் என்று செல்வமலர் அம்மாவிடம் போய்க் கேட்டார். "தூரத்திலை வரேக்கையே சிரிக்கிற மாதிரி மஞ்சளா அடியும்" என்றார் அம்மா. அடித்தார். கித்தானைக் கழற்றிவிட்டு வெள்ளைப் பந்தல் துணி கட்டினார். எல்லாரும் ஏறினார்கள். தவராசா ஐயா முன்சீட்டுக்குச் சண்டை போட்டார்! கராஜ் முற்றத்தை அந்த ட்ரக் சுற்றி வந்தபோது கேட்ட சிரிப்பை நான் இந்த லண்டனில் வேறெங்கும் கேட்டதில்லை.

இனித்தான் வயிறு எரிகிற கதை. கவுன்சிலிலிருந்து ஓர் அதிகாரி கடைசிப் பரிசோதனைக்கு வந்தார். ட்ரக்கைச் சுற்றிப் பார்த்தார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். அனுமதி வழங்கப்பட்டது வரலாற்று இராணுவ வாகனத்துக்கு. அதன் அசல் நிறத்தில் இருந்தால்தான் அது வரலாற்று வாகனம். மஞ்சள் அடித்துவிட்டால் அது வெறும் லொறி. வெறும் லொறிக்குக் கடற்கரையில் இடமில்லை. அனுமதி இரத்து!

கேட்கிறேன், உங்களையும் கேட்கிறேன், அந்தக் கவுன்சிலையும் கேட்கிறேன். அதே சக்கரம், அதே பிரேக், அதே ஓட்டுநர், அதே கடல். பச்சையாக இருந்தால் மணல் தாங்கும், மஞ்சளாக இருந்தால் தாங்காதா? போர் விளையாட்டுக்கு ஓடலாம், சாம்பல் கரைக்க ஓடக் கூடாதா? ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவனை ஏற்றலாம், அழுகிறவளை ஏற்றக் கூடாதா? எந்த வரலாற்றைக் காப்பாற்றுகிறார்கள் இவர்கள்? செல்வமலர் அம்மாவிடமும் ஒரு வரலாறு இருக்கிறதே, அதை யார் கேட்டார்கள்?

கவுன்சிலோடு மட்டும் என் கோபம் நிற்கவில்லை. அந்த வண்டிச் சங்கத்துச் சிப்பாய்கள், போர் பார்த்த கிழவர்கள், அண்ணைக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டுக் கவுன்சிலுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குப் புரிந்தது. நம் மன்றத்துக்குப் புரியவில்லை! "ஒரு நாள்தானே, பச்சையை அடிச்சு விடுங்கோ. கண்ணை மூடிக்கொண்டு ஏறட்டும்" என்று சொன்னவர் இந்த மேடையில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அவர் இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பேச்சு செல்வமலர் அம்மாவின் காதுக்கும் போனது. தன்னால் எல்லாருக்கும் தொல்லை என்று நினைத்து அம்மா கராஜுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ராசா, பச்சையையே அடியும். நான் ஏறுவன். இவரைக் கரைச்சாப் போதும்."

"ஏலாது அம்மா."

"நான்தானே ஏறப்போறன். உமக்கென்ன?"

"ஓம், நீங்கள் ஏறுவியள். நான் ஓட்டமாட்டன்."

அவ்வளவுதான் சொன்னார். என் பக்கம் திரும்பி, மேல்முறையீட்டை எழுதச் சொல்லித் துளைத்தெடுத்தார். பெரியோர்களே, குகநாதன் அண்ணையின் பெருமை இதுதான். ஒரு டப்பா பச்சை அடித்திருந்தால் அனுமதி அவர் கையில். உலகமே அடி என்றது. ஏறப்போகும் அம்மாவே அடி என்றார். அவர் அடிக்கவில்லை. அந்தத் தாய் கண்ணை மூடிக்கொண்டுதான் கடலுக்குப் போக வேண்டும் என்றால் அந்தப் பயணமே வேண்டாம் என்று நின்றார். கண்ணைத் திறந்தபடி போக வேண்டும் என்பதற்காக ஒரு கோடை போராடினார். அடுத்த கோடையும் போராடினார். மூன்று வாரத்துக்கு முன் அந்த ட்ரக்கின் அடியில் வேலை செய்துவிட்டு எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதன் படியிலேயே உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை.

அவர் மறைவைக் கவுன்சிலுக்கு நான்தான் தெரிவித்தேன். உடனே பதில் வந்தது. இரண்டு வருடமாக எதற்கும் உடனே வராத பதில்! 'விண்ணப்பதாரர் காலமானதால் விண்ணப்பம் முடித்து வைக்கப்படுகிறது.' முடிந்ததா? யாருக்கு முடிந்தது? செல்வமலர் அம்மாவின் அலுமாரியில் இருக்கும் செம்புக்கு முடிந்ததா? இதோ, பிரியந்தி அக்காவின் வீட்டுக்கு இன்னொரு செம்பு வந்திருக்கிறதே, அதற்கு முடிந்ததா? அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அவரின்ரை சாம்பல் அந்த ட்ரக்கிலைதான் போகும். அதுவரைக்கும் ஒருத்தரும் என்னை அந்தியேட்டி எண்டு அவசரப்படுத்தவேண்டாம்."

ஆகவே, இந்த அவையில் நான் மௌன அஞ்சலி கேட்கவில்லை. மௌனம் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்று காலை புது விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். விண்ணப்பதாரர் செல்வமலர் அம்மா. ஓட்டுநர் பிரியந்தி அக்கா. லண்டன் பஸ் ஓட்டும் அவரிடம் கனரக வாகன உரிமமும் இருக்கிறது. வாகனத்தின் நிறம் என்ற இடத்தில் மஞ்சள் என்று அம்மாவே தன் கையால் எழுதினார். வருகிற வியாழக்கிழமை அந்தக் கவுன்சிலின் கூட்டம். பொதுமக்கள் உட்கார இடம் உண்டு. அந்த இடத்தை நாம் நிறைக்க வேண்டும். இந்தப் பதாகையைத் தூக்கிய கைகள் அங்கேயும் வர வேண்டும். தலைவர் அவர்களே, மன்றத்தின் ஆதரவுக் கடிதத்தை இன்றே எழுதுங்கள். எழுதிவிட்டுப் பிறகு அவரைச் செம்மல் என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். மறுத்தால் மேல்முறையீடு. அதையும் மறுத்தால் மீண்டும் விண்ணப்பம். அவர்களுக்கு அலுக்கும்வரை நமக்கு அலுக்கக் கூடாது. இது குகநாதன் அண்ணையின் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

கடைசியாகத் தவராசா ஐயாவுக்கு ஒரு வார்த்தை. ஐயா, அந்த நாள் வரும். மஞ்சள் ட்ரக் இந்த வாசலுக்கு வரும். முன்சீட்டு உங்களுக்குத்தான், நான் பேசி வைத்திருக்கிறேன். பிரீடம் பாஸ் உங்கள் பைக்குள்ளேயே இருக்கட்டும். அதை அங்கே வைத்தது அவருடைய கை. யாரும் கேட்க மாட்டார்கள், ஐயா. கேட்க விடமாட்டோம்.