துடைப்பத்தில் கிடைத்த வைரத்தோடு

மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போகிற பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

“நேத்து முழுக்க கார் ஷெட்ல உட்கார்ந்து முறத்துல குப்பையைப் புடைச்சேன்டி.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“என்னடி சொல்றே?” என்றாள் தோழி.

“எங்காத்துல வாக்யூம் கிளீனர் மெஷினுக்குன்னு சுவருக்குள்ளேயே குழாய் விட்டு, ரூமுக்கு ஒரு ஓட்டை வச்சிருக்காளோன்னோ? அதுல ஹோஸை மாட்டினா, தூசியையெல்லாம் உறிஞ்சி ஷெட்ல இருக்கற டப்பாவுல கொட்டிடும். இனிமே குப்பையைக் கண்ணாலயே பார்க்க வேண்டாம்னு எல்லார்கிட்டயும் பீத்திண்டேன். திடீர்னு மாமியார் போட்ட வைரத்தோடு ஒண்ணைக் காணோம். இவர் ஊர்லேர்ந்து வர்றதுக்குள்ளே தேடியாகணும். டப்பாவைக் கொட்டி, ஒரு மாசக் குப்பையையும் பார்த்துட்டேன்.”

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது. துடைப்பத்துல சிக்கிண்டிருந்தது.”

“மெஷின் இருக்கறச்சே துடைப்பம் எதுக்குடி?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “புது மெஷினாச்சே, அழுக்காயிடுமேன்னு தினம் முதல்ல பெருக்கிடுவேன்.”

தோழி சிரித்த சிரிப்பில் நடத்துநரே திரும்பிப் பார்த்தார்.

நான் சிரிக்கவில்லை. வாஷிங் மெஷினில் போடுமுன் நானும் துணியை ஒரு முறை துவைத்துவிடுகிறேன்.