முப்பத்தோரு பெர்சன்டைல்

இந்த மின்விசிறியின் பேரிங் போய்விட்டது, சார். கிரீஸ் வைத்தால் கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் மறுபடியும் இதே கரகரப்பு வரும். மாற்றிவிடுவதுதான் நல்லது. சின்னக் கோளாறைச் சின்னதாக இருக்கும்போதே கவனிக்காதவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

என் பெயர் விமல். ஊர் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரணி. ஆற்றை ஒட்டி எங்களுக்கு நெல் வயல் உண்டு, அப்பா இன்னும் பயிர் வைக்கிறார். நான் பொறியியல் படித்தவன். தேர்வாய் கண்டிகையில் கார் கதவுக்குக் கீல் செய்யும் தொழிற்சாலையில் பிரஸ் பகுதிக்கு மேலாளர். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாக வந்திருக்கிறேன். அதை முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

லோகுவின் கை விஷயமாகத்தான் வந்தேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் பிரின்சியிடமிருந்து தொடங்க வேண்டும்.

பிரின்சி என் கீழே ஷிப்ட் இன்சார்ஜ். டிப்ளமோ படித்தவள். கவரைப்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா அந்தோணி ஒரு காலத்தில் எங்கள் நிலத்தில் வரப்பு வெட்டியவர், பிறகு சிப்காட் தொழிற்பேட்டையில் வாட்ச்மேன் ஆனார். அதையெல்லாம் நான் பார்க்கிறவன் இல்லை. பார்க்கிறவனாக இருந்தால் அவளை என் அறையில் நாற்காலியில் உட்காரச் சொல்லியிருப்பேனா? பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கும் சொன்னேன். அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"சார், எம்பிஏ அப்ளை பண்ணிக்கிறேன் சார். பார்ட் டைம். சனி ஞாயிறு கிளாசு. மேனேஜர் லெட்டர் ஒண்ணு குடுக்கணுமாம்."

"நுழைவுத் தேர்வு எழுதினியா?"

"எழுதிட்டேன் சார். முப்பத்தொண்ணுதான் வந்துச்சி."

"முப்பத்தொண்ணு மார்க்கா?"

"பெர்சன்டைல் சார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "கணக்குல மாட்டிக்கினேன். இங்கிலீஷ் பாசேஜ் படிச்சிக்கினே இருந்தேன், டைம் ஆயிடுச்சி. இன்னா சார் பண்றது. இருந்தாலும் போட்டுப் பாக்கலாம்னு."

பெர்சன்டைல் என்றால் மதிப்பெண் இல்லை, சார். நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற கணக்கு. அவளுக்குப் பின்னால் முப்பத்தோரு பேர். முன்னால் ஒரு ஊரே நிற்கிறது. அதை அவள் ஒரு அசட்டுச் சிரிப்போடு சொல்லிவிட்டுப் போகிறாள். நானாக இருந்தால் அந்த எண்ணை என் மனைவி அருணாவிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

எனக்கு வந்தது எண்பத்தெட்டு. இரண்டு வருடம் முன்னால், இதே தேர்வில், இதே கல்லூரிக்கு. நேர்காணலில் ஓர் அம்மையார் கேட்டார், "உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் ஒருவருடைய பெயரைச் சொல்லுங்கள். அவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?" அவர்களுக்குக் கற்றுத் தருவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னேன். நேர்மையான பதில். எனக்கு இடம் கிடைக்கவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. எண்பத்தெட்டின் மதிப்பு தெரியாத இடத்தில் படித்து என்ன ஆகப்போகிறது?

லெட்டர் கொடுத்தேன். நல்ல லெட்டர். பணிவான பெண், நேரத்துக்கு வருவாள், சொன்னதைச் செய்வாள் என்று எழுதினேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. முப்பத்தொன்றைக் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

கூப்பிட்டார்கள்.

விண்ணப்பத்தில் என்ன எழுதி அனுப்பினாய் என்று கேட்டேன். போனில் எடுத்து வாசித்துக் காட்டினாள். அவள் பொறுப்பேற்ற பிறகு அவள் லைனில் ஒருவருக்கும் ஒரு காயம்கூட ஏற்பட்டதில்லையாம். அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரும் எதற்குப் பயப்படுவார்கள், எதற்கு அவசரப்படுவார்கள் என்று அவளுக்குத் தெரியுமாம். யாராவது முந்தின நாள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அன்றைக்குப் பிரஸ்ஸில் விடாமல் பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவாளாம். இதுதான் அவள் கண்ட நிர்வாகம். சந்தைக்குப் போகிற பெண்கள் பேசுகிற பேச்சு, சார். அதை ஒரு கல்லூரி படித்துவிட்டு நேரில் வா என்கிறது.

சேதி லைன் முழுக்கப் பரவிவிட்டது. கேன்டீனில் நாஷ்டா வேளையில், அவள் லைனில் நான்காம் பிரஸ் ஓட்டுகிற லோகு இட்லியைப் பிய்த்தபடி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான், "எங்க அக்கா எம்பிஏ முடிச்சிக்கினு வந்து, நம்ம விமல் சார் சீட்ல குந்திக்கும் பாரு. அப்பால சார் பாடு பேஜாருதான்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரின்சி மட்டும், "டேய், வாய மூடிக்கினு துன்றா" என்று அதட்டினாள். அவள் உதட்டிலும் சிரிப்பு இருந்தது. நான் இரண்டு மேஜை தள்ளி இருந்தேன்.

அதற்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. லோகு மாதிரி ஆட்கள் பேசுவதை மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை நான்.

நான் யோசித்தது வேறு. தேர்வு என்று ஒன்று வைத்தார்கள், அதில் அவள் தேறவில்லை. தேறாதவள், யாரும் தேர்வு வைக்காத ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக நுழையப் பார்க்கிறாள். சரி, அதற்கும் ஒரு தேர்வு வைத்தால் என்ன? அவள் லைனில் விபத்து நடக்கவில்லை. அது அவளாலா, மெஷினாலா? பிரஸ் என்றால் தகட்டை உள்ளே வைத்துக் காலால் மிதித்தால் அச்சு மேலிருந்து இறங்கி அழுத்தும். உள்ளே கை இருந்தால் முன்னால் உள்ள சென்சார் பார்த்து நிறுத்திவிடும். அந்தச் சென்சார் செய்கிற வேலைக்கு அவள் பெயர் வாங்குகிறாள். சென்சாரை எடுத்துவிட்டுப் பார்த்தால் அவளுடைய உண்மையான மதிப்பெண் தெரிந்துவிடும். நியாயமாக யோசிக்கிற எவருக்கும் இது புரியும்.

சென்சாரை நிறுத்த ஒரு சாவி உண்டு. அச்சு மாற்றும்போது மட்டும் பயன்படுத்துவது. அது என்னிடம்தான் இருக்கும். திருப்பினால் மெஷின் தலையில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், எல்லோரும் ஜாக்கிரதையாகிவிடுவார்கள். நான்காம் பிரஸ்ஸில் அந்த பல்பு போய்ப் பல நாளாகியிருந்தது. மாற்றச் சொல்லி பிரின்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். வேறு அவசர வேலைகள் இருந்ததால் நான் தள்ளிப்போட்டிருந்தேன்.

நேர்காணலுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. ஷிப்ட் தொடங்கும்போது அவள் ஒவ்வொரு மெஷினாகப் போய்க் கட்டையை உள்ளே நீட்டிச் சென்சாரைச் சோதித்தாள். அது அவள் வழக்கம். நான்காம் பிரஸ்ஸையும் சோதித்தாள், சரியாக நின்றது. அவள் நகர்ந்த பிறகு நான் போய்ச் சாவியைத் திருப்பினேன். லோகு தகட்டுக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், மெஷின்ல எதுனா பிராப்ளமா?"

"ஒண்ணுமில்ல. நீ ஓட்டு" என்றேன்.

என் அறைக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவசரமில்லை. அவன் ஒழுங்காகத்தான் வேலை செய்தான், இடுக்கியால்தான் தகடு வைத்தான். பிறகு ஒரு தகடு அச்சில் ஒட்டிக்கொண்டது. இடுக்கிக்கு அது வரவில்லை. அவன் இடுக்கியைக் கீழே வைத்தான், கையுறையைச் சரிசெய்தான், கையை உள்ளே விட்டான். கால் பெடலின் மேலேயே இருந்தது.

மேஜையில் மைக் இருக்கிறது, சார். பட்டனை அழுத்திப் பேசினால் ஷெட் முழுக்கக் கேட்கும். நேரம் இருந்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தேர்வு நடக்கும்போது மேற்பார்வையாளர் பேசக் கூடாது என்று நினைத்ததாக ஞாபகம். அவன் சத்தம் கேட்ட பிறகு, காகிதங்கள் மேல் சிந்திவிடாமல் கப்பை ஓரமாக வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கேரம் ஆடுவதில் அந்தப் பக்கத்தில் பெரிய ஆளாம் அவன், கும்மிடிப்பூண்டியில் கோப்பையெல்லாம் வாங்கியிருக்கிறானாம். பிறகுதான் சொன்னார்கள். கேரம் இடது கையாலும் ஆடலாம்.

எல்லோரும் அவனைச் சூழ்ந்து நின்றார்கள். பிரின்சி தன் துப்பட்டாவை அவன் கையில் சுற்றி மடியில் சாய்த்துக்கொண்டு, "லோகு, என்னப் பாருடா, கையப் பாக்காத, என்னையே பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன், "கை வச்சா நிக்கும்க்கா, எப்பவும் நிக்கும்க்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. சாவியைப் பழையபடி திருப்பிவிட்டேன்.

விசாரணையில் மெஷின் சரியாக இருந்தது. தொழிற்சாலைத் தலைவர் பென்னி சார் ஆளின் கவனக்குறைவு என்று முடித்தார். நானும் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் மெஷின் பக்கம் போவது தினமும் நடப்பதுதான், அதை யாரும் ஒரு விஷயமாகப் பேசவில்லை. பிரின்சி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் பொய் சொல்ல மாட்டான் சார். எனக்குத் தெரியாம இன்னாவோ நடந்துக்கிது. ஆனா என் லைனு, நான்தான் பதில் சொல்லணும்" என்றாள். பென்னி சார் அவளுக்கு எச்சரிக்கை கொடுத்தார். வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை நேர்காணலுக்கு அவள் போகவில்லை. ஆஸ்பத்திரியில் லோகுவின் மனைவியோடு உட்கார்ந்திருந்தாள். தேர்வு முடிந்தது, முடிவும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. திருப்தி என்று சொல்ல மாட்டேன். ஒரு கணக்கு மீதியில்லாமல் வகுபட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அன்றைக்கு அருணா செய்த மீன் குழம்பு நன்றாக இருந்தது என்று அவளிடமே சொன்னேன், அவளுக்கு ஆச்சரியம்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க வேண்டியதில்லை.

நேற்று மதியம் பிரின்சி என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். இந்த முறை உட்கார்ந்தாள்.

"சார், காலேஜுல வேற தேதி குடுத்துக்கிறாங்க. போயிட்டு வந்தேன். சீட்டு கெடச்சிடுச்சி சார். உங்களாண்ட சொல்லாம மத்தவங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு வந்தேன்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "மார்க்கைப் பத்திக் கேக்கலையா?"

"கேட்டாங்க சார். கம்மிதான் மேடம், வர்ற வருசம் எழுதுனாலும் பெருசா ஏறாதுன்னு சொன்னேன். சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"நான் எழுதுனத எடுத்து வச்சிக்கினு, ஒருத்தருக்கும் காயம் இல்லன்னு எழுதிக்கிறீங்களேன்னு ஆரமிச்சாங்க. அது இப்ப உண்மை இல்ல மேடம்னு சொல்லிட்டேன். லோகு விசயத்த மொத்தமும் சொன்னேன். மெஷின் சரியா இருந்துச்சின்னு எழுதிட்டாங்க, எனக்கு நம்பிக்க இல்ல, எது தப்புன்னு இன்னும் கண்டுபிடிக்கல, கண்டுபிடிக்காம உட மாட்டேன், அதுவரைக்கும் அது என் தப்புதான்னு சொன்னேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மேடம் நான் எழுதுனத மூடி வச்சிட்டாங்க சார். அப்பால எழுந்து வந்து கை குடுத்தாங்க."

என்னை நேர்காணல் செய்த அதே அம்மையார்தான். அடையாளம் கேட்டேன். அவரேதான்.

வாழ்த்துச் சொன்னேன். அவள் என் லெட்டருக்கு நன்றி சொல்லிவிட்டு, லோகுவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

நீங்களே சொல்லுங்கள், சார். முப்பத்தொன்று வாங்கிய ஒருத்தி. விபத்து நடக்காததைக் காட்டி உள்ளே போகப் பார்த்தாள், அது போய்விட்டது. உடனே விபத்து நடந்ததைக் காட்டி உள்ளே போய்விட்டாள். அந்த விபத்துக்கு அவள் செய்தது என்ன? ஒன்றுமில்லை. அதை யோசித்தது நான். பல்பு, சாவி, நாள், ஆள் என்று ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்த்தது நான். விசாரணைக்கு வந்த அத்தனை பேரும் பார்த்தும் ஒரு பிசிறு கிடைக்கவில்லை என்றால் அது யாருடைய திறமை? அவளுக்கு இன்றுவரை எங்கே தப்பு என்றுகூடத் தெரியவில்லை. தெரியாததையே பெருமையாகச் சொல்லிக் கை குலுக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். லோகு கையை உள்ளே விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். தண்டனையைப் பற்றி நான் உங்களிடம் எதுவும் கேட்கப்போவதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இதில் ஒரு பிரதி அந்தக் கல்லூரிக்குப் போக வேண்டும், அந்த அம்மையார் கைக்கே போக வேண்டும். அது தன் தப்பு என்று அவள் சொன்னது பொய், பொய்யான தகவலில் கொடுத்த இடம் செல்லாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. பிரின்சி அவர்களிடம் காட்டிய ஒரே தகுதி என்னுடையது, சார்.