தன் பாட்டைத் தானே தள்ளிய தலைவர்

பேரன்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முண்டியடித்துப் பிடித்த மூத்தோரே! பிள்ளைகளை அதட்டி முடித்து, அடுத்து என்னை அதட்டக் காத்திருக்கும் தாய்மார்களே! இன்று பணி ஓய்வு பெறும் இசைத்தட்டு நிறுவனத் தலைவரும், என் தங்கையின் கணவருமான மாப்பிள்ளை அவர்களே! அவருக்குப் பக்கத்து நாற்காலியில் கம்பீரமாக வீற்றிருக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் வாளி அவர்களே! அனைவருக்கும் வணக்கம்!

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். வாளிக்கு வணக்கம் சொன்னவன் கிறுக்கனா என்று கடைசியில் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை இந்த நிறுவனத்தில் என்ன வேலைக்குச் சேர்ந்தார்? இசைத்தட்டுப் பெட்டி சுமக்கும் வேலைக்கு! சுமந்த சுமையில் ஒரு சாண் குள்ளமானார். விற்ற விற்பனையில் வானளவு உயர்ந்தார்! அவர் வெளியிட்ட பாட்டைக் கேட்டுக் காக்கைகள் சுருதி சேர்த்துக் கரைந்தன! யார் அங்கே, பொய் என்பது? காக்கையையே கேளுங்கள் ஐயா, நான் எதற்கு நடுவில்?

தலைவரானதும் ஒரு சட்டம் போட்டார். பாட்டைக் கொடுத்தவர் பெயரை யாரும் சொல்லக் கூடாது. பாட்டு ஓடும், இவர் கண்ணை மூடிக் கேட்பார். மேசைக்கு அடியில் இவருடைய வலது கால் தாளம் போட்டால் பாட்டு வெளிவரும். போடாவிட்டால் வந்த வழியே போகும். நானும் ஒன்று பாடிக் கொடுத்தேன். கால் ஆடவில்லை, எழுந்து வெளியே போய்விட்டது!

ஊரார் பாட்டையெல்லாம் உலகுக்குத் தந்த இந்த உத்தமர், தன் மெட்டை எங்கே வைத்திருந்தார்? குளியலறையில்! தினமும் குழாயைத் திறந்துவிட்டு, ஒரே மெட்டை முனகி முனகி மெருகேற்றுவார். ஓய்வு நெருங்கியபோது என் தங்கை கேட்டாள்.

“ஏங்க, போறதுக்குள்ள உங்க பாட்டு ஒண்ணு வெளிய வர வேணாமா?”

“தலைவரே தன் பாட்டைப் போட்டுக்கிட்டாருன்னு ஊரே சிரிக்கும்.”

“பேர் சொல்லாமதானே கேக்குறீங்க? கால் சொல்லட்டும்.”

“வேணாம்னா விடேன்.”

விடுவாளா என் தங்கை? கதவில் கைப்பேசியை ஒட்டவைத்துப் பதிவு செய்தாள். நிறுவனத்தில் ஒலிப்பதிவாளராக இருக்கும் அம்மாவிடம் கொடுத்தாள். அந்த அம்மா தண்ணீர்ச் சத்தத்தைத் துடைத்தெடுத்து, வயலின்களைப் படையெடுக்க வைத்து, வேறொரு பாடகரைப் பாடவைத்து, பெயரில்லாமல் போட்டுக் காட்டினார்.

மாப்பிள்ளை கண்ணை மூடினார். காலா அது? கருங்கல்!

“யாரும்மா இந்த ஆளு? உயிரே இல்ல. வேற வேலை பாக்கச் சொல்லு.”

“பாத்துக்கிட்டுதான் சார் இருக்காரு. இந்த நாற்காலியில உக்காந்து.”

அறையில் மின்விசிறிகூட மூச்சை அடக்கியது! பக்கத்தில் இருந்த விற்பனை மேலாளர் பதறினார். “சார், உங்க பாட்டுன்னு தெரியாது. போட்டுடலாம் சார்.”

“கால் ஆடலையே! எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். எனக்கு மட்டும் தனிச் சட்டமா?”

அன்றே முனகல் நின்றது. “அண்ணே, குளிக்கிறாரு, சத்தமே வரல. பயமா இருக்கு” என்று தங்கை அழைத்தாள். ஓடினேன். சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவர் சோற்றைப் பார்க்கிறார். சோறு அவரைப் பார்க்கிறது. தங்கை குளியலறைக் கதவில் எடுத்த அந்தப் பழைய பதிவைக் கைப்பேசியில் ஓடவிட்டாள்.

என் முழங்காலில் ஓர் உதை! மறுபடி ஓர் உதை!

“மாப்ள, ஏன் உதைக்கிறீங்க?”

“நான் எங்க உதைச்சேன்?”

அவர் உதைக்கவில்லை பெருமக்களே, கால் உதைத்தது! கைப்பேசியில் என்ன கேட்டது? முனகலோடு வாளி நிறையும் ஓசை! அடியில் கடகடவென்று தொடங்கி, நிறைய நிறையச் சுருதி ஏறி, விளிம்பில் வழியும் ஓசை! வயலின் வந்தது, வாளி போனது. உயிர் போகாமல் என்ன செய்யும்?

மறுநாளே வாளியை வைத்து மறுபதிவு! ஆனால் மாப்பிள்ளை என்ன சொன்னார்? “இப்ப என் பாட்டுன்னு தெரிஞ்சுபோச்சு. என் கால் சாட்சி செல்லாது. விழாவுல போடுங்க. வர்றவங்க கால் சொல்லட்டும். ஆடலைன்னா, பாட்டு என்கூடவே வீட்டுக்கு வந்துரும்.”

ஆகவே அவையோரே, நீதிபதிகள் நீங்கள்! எனக்காக ஆட்டாதீர்கள், இரக்கத்துக்காக ஆட்டாதீர்கள். தானாக ஆடினால்தான் கணக்கு. ஒலிப்பதிவாளர் அம்மா, போடுங்கள்!

...மூன்றாம் வரிசைத் தாய்மாரே, தாளம் தட்டுவது உங்கள் செருப்புத்தானே? ஓரத்தில் தூங்கிய பெரியவரே, தூக்கத்திலும் தாளமா! அவைத் தலைவர் அவர்களே, மேடை அதிர்கிறது, மெல்ல!

மாப்பிள்ளை, இன்னுமா கண்ணை மூடியிருக்கிறீர்கள்? திறந்து பாருங்கள். ஒருவர்கூடக் கைதட்டவில்லை. அத்தனை பேரும் கால்தட்டுகிறார்கள்!

தாளம் தந்த கால்களுக்கு நன்றி. வாளி அவர்களே, உமக்கும் நன்றி. உம்மைப் பத்திரமாகத் திருப்பித் தராவிட்டால் என் தங்கை என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். வணக்கம்!