பதினோராவது பாட்டில்

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும், மேடம். உத்தமபாளையம் பக்கத்தில் அப்படியொரு தண்ணீர் கிடையாது. அதன்மேல் பழி விழக்கூடாது என்றுதான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

தம்பி தமிழ்மாறனுக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது பதினெட்டு. அதற்குப் பிறகு அவன் சாப்பிட்ட சோறெல்லாம் நான் வடித்தது. எனக்கு வந்த மாப்பிள்ளைகளை நான்தான் வேண்டாம் என்றேன். ஹேமாவதியை அவனாகத்தான் கட்டிக்கொண்டு வந்தான். தேனிப் பெண். கல்லையும் மண்ணையும் பற்றிப் படித்தவள். வாசலில் நிற்கவைத்து ஆரத்தி எடுத்தேன். குறை வைக்கவில்லை.

எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் பின்னால் குன்று மாதிரி ஒரு கரடு உண்டு. அதில் பச்சைக் கறை படிந்த பாறை ஒன்று. நாங்கள் காலகாலமாக அதில் புளி காயவைப்போம். அவள் சுத்தியலால் தட்டி உடைத்துக் காட்டினாள். சாம்பல் வரியோடிய பாறை, நடுவில் வெள்ளையாக வெங்கச்சங்கல், அதற்குள் பித்தளைப் பொடி தூவியது போல மினுமினுப்பு.

“செம்பு, மதினி. காத்தும் மழையும் பட்டு மேல பச்சையாயிருச்சு.”

“அப்ப கவர்மெண்டு வந்து தோட்டத்தத் தோண்டிப்புடுமாக்கும்?”

“இதுக்கா? ஒரு முழம் அகலங்கூட இல்ல. ஆள் ஆழத்துல தேஞ்சு போயிருது. மொத்தமும் உருக்குனா உங்களுக்கு ஒரு அண்டா தேறும்.”

சிரித்தாள். அந்த அண்டாவுக்காக ஒரு வருடம் அளந்தாள், வரைந்தாள், நோட்டில் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போகிற தம்பி அவளுக்கு அளக்க டேப் பிடித்தான். வீரபாண்டித் திருவிழா முடிந்ததும் தேனிக்குக் குடிபோகிறோம் என்றும் அவன்தான் சொன்னான். அவள் கேட்டதாகச் சொல்லவில்லை. கேட்காமலா சொல்வான்.

அவள் மட்டும் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். வயிறு சரியில்லாவிட்டால் பெண்கள் அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம்தானே. திராட்சைக்குச் சுண்ணாம்போடு கலந்து அடிக்கிற மயில்துத்தம் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் மூட்டையாகக் கிடக்கும். அதுவும் செம்புதான், அவளே சொன்னது. அவள் ரசத்தில் மட்டும் கொஞ்சம் சேர்த்தேன்.

“மதினி, வாயில காசு போட்டாப்புல இருக்கு.”

“நீதான தாயி செம்பு செம்புன்ன. ஒன் செம்பு கெணத்துல எறங்கிருச்சு போல. எங்களுக்குக் குடிச்சுப் பழகிப்போச்சு.”

படித்தவள், நம்பினாள். ஆனால் பயப்படவில்லை. வாந்தி எடுத்த வாயைத் துடைத்துக்கொண்டு, இத்தனை சின்னப் பாறையிலிருந்து எப்படி இறங்கும் என்று கணக்குப் போட உட்கார்ந்தாள். பயந்து கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பாள். அது என் குற்றமில்லை.

கிணறு, வாய்க்கால், பாறை இடுக்கு என்று தண்ணீர் பிடித்து, நம்பர் போட்டு, சோதனைக்கு அனுப்ப அடுக்களைப் பலகையில் வரிசையாக வைத்தாள். பதினொரு பாட்டில். அவள் குளிக்கப் போனபோது ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கு மயில்துத்தம் போட்டேன். ஒன்றை விட்டு ஒன்றில் போட எனக்கு மனம் வராது. பந்தி பரிமாறிப் பழகிய கை, ஓர வஞ்சனை தெரியாது.

மறுநாள் தம்பி சொன்னான்: “அவ தனியா அம்மா வீட்டுக்குப் போக வேணாங்க்கா. நானும் போயி அங்கனயே இருந்துக்கிறேன்.”

அன்றைக்கு ரசத்தில் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

தேனி ஆஸ்பத்திரியில் மஞ்சள்காமாலை என்றார்கள். ஒன்பது நாள் நான்தான் தலைமாட்டில் இருந்தேன். வேறு யாரையும் விடவில்லை. கஞ்சி, இளநீர் எல்லாம் என் கையால்தான் கொடுத்தேன். ஒவ்வொரு வேளையும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று சோதனை முடிவு வந்தது. தம்பி அவள் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தான். பதினோராவது பாட்டிலில் இருந்தது எங்கள் தண்ணீரே இல்லையாம். மருந்துக்கடையில் வாங்கிய சுத்தத் தண்ணீராம். சோதனை சரிதானா என்று பார்க்க அவளைப் போலப் படித்தவர்கள் எப்போதும் அப்படி ஒன்று சேர்த்து அனுப்புவார்களாம். கிணற்றையும் பாறையையும் பார்க்காத அந்தத் தண்ணீரிலும் மற்ற பத்தில் இருந்த அளவுக்கே ஏறக்குறைய செம்பு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள், பாறை முழுவதும் கரைந்தாலும் இந்தக் கிணறு கெடாது என்று.

“அக்கா?” என்று மட்டும் கேட்டான். சொல்லிவிட்டேன். அவனிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

ஆமாம், ஹேமாவதியைக் கொன்றது நான்தான். கிணறு இல்லை, பாறை இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மூன்று நாளாக அவன் நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. தண்ணீர்கூடக் கடையில் வாங்கிக் குடிக்கிறான். கோபம்தான், வேறென்ன. இங்கே ரொம்ப நேரம் ஆகுமா, மேடம்? போய் உலை வைக்க வேண்டும். அவன் பசி தாங்கமாட்டான்.