சாய்த்துக் காட்டும் வேலை

பெட்டி வாங்க வந்த வாடிக்கையாளரும் என் கடை முதலாளியும் சேர்ந்து என் இடது காலை உடைத்தார்கள்.

வாக்குமூலத்தில் இது முதல் வரியாக வரக் கூடாது, பெயர், வயது, விலாசம்தான் முதலில் வர வேண்டும் என்று எழுதிக்கொள்ளும் அதிகாரி சொன்னார். அந்த விவரங்கள் மேலே கட்டத்துக்குள் வந்துவிட்டதால் இந்த வரி இங்கேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். சலவைக் கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறையில் அக்காவுடன் குடியிருக்கிறேன். அக்கா அதே சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். என்ன தொழில் என்று கேட்டதற்கு, விழுவது என்று சொன்னேன். அப்படி ஒரு தொழில் கிடையாது என்று சொல்லி அதிகாரி ‘கடை உதவியாள்’ என்று எழுதினார். கடையில் என்னை எல்லாரும் டமால் என்றுதான் கூப்பிடுவார்கள். அதையும் எழுதச் சொன்னேன்.

நெடுந்தூரம் போகிற பெரிய மோட்டார் சைக்கிள்களுக்குப் பக்கப் பெட்டி விற்கிற கடை அது. வண்டியின் பின்பக்கம் இருபுறமும் கம்பிச் சட்டம் பொருத்தி அதன் கொக்கியில் பெட்டியை மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு பெட்டியின் மேலுள்ள கைப்பிடியை அழுத்தித் திருப்பினால் பூட்டு விழும். திருப்பாமல் விட்டாலும் பெட்டி மாட்டியது போலவே நிற்கும், ஆனால் ஒரு அடி பட்டால் கழன்றுவிடும். அலுமினியத்தில் ஒரு வகையும் கெட்டி பிளாஸ்டிக்கில் ஒரு வகையும் அதிகம் போகும். வண்டி சாய்ந்தால் பெட்டி முதலில் தரையைத் தொட்டு வண்டியைத் தாங்கிக்கொள்ளும், ஓட்டுபவரின் கால் அடியில் நசுங்காது என்று சொல்லித்தான் விற்பார்கள். பெட்டி ஒழுங்காகப் பூட்டியிருந்தால் அது உண்மைதான்.

நான் சேர்ந்தபோது அட்டையைப் பிரித்துப் பெட்டிகளை எடுத்து அடுக்குவது மட்டுமே என் வேலை. அதன் பிறகு ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் நம்பாமல் நின்றுகொண்டிருந்தபோது, முதலாளி என்னைக் கூப்பிட்டு, பின்கட்டில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்து இடது பக்கமாகச் சாயச் சொன்னார். நான் சாய்ந்தேன், ஆனால் வண்டி தரையில் படுவதற்குள் காலை இழுத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் போன பிறகு முதலாளி என்னிடம், “கால எடுக்காதடா. கால எடுத்துட்டா அப்புறம் பெட்டி எதுக்கு?” என்று சொன்னார். அதன் பிறகு நான் காலை எடுத்ததில்லை. பார்க்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். சீசன் முடிந்ததும் என்னைக் கடை மேஸ்திரியிடம் விட்டுச் சட்டம் பொருத்தும் வேலை பழக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்தார். எனக்கு வேண்டியிருந்தது அந்த வேலை.

பின்கட்டில் சிமெண்டுத் தரை. பெட்டி விழும் இடத்தில் மட்டும் ஒரு ரப்பர் பாய் விரித்திருப்பார்கள். பெட்டியில் கீறல் விழுந்தால் விற்க முடியாது என்பதற்காக. என் கால் விழும் இடத்தில் பாய் கிடையாது.

சாய்வதற்கு முன் மேஸ்திரி பெட்டியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார். கழலவில்லை என்றால் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். நான் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால் பின்னால் நடப்பது எனக்குத் தெரியாது. அந்தத் தட்டு விழுந்த பிறகுதான் சாய்வேன். இப்படிச் செய்ய யாரும் உத்தரவு போடவில்லை. நானும் மேஸ்திரியும் எங்களுக்குள் வைத்துக்கொண்டது.

சம்பவத்தன்று மதியம் மேற்படி வாடிக்கையாளர் தன் மனைவியுடன் தன் சொந்த வண்டியில் வந்தார். இரண்டு வகைக்கும் ஒத்துப்போகும் கம்பிச் சட்டத்தை மேஸ்திரி அதில் பொருத்தினார். கொண்டுபோகப் போகும் சாமான்களையும் வாடிக்கையாளர் கூடவே எடுத்து வந்திருந்தார். கூடாரம், அடுப்பு, தண்ணீர்க் கேன், மழைக்கோட்டு. வெறும் பெட்டியை மாட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று சொல்லி, எல்லாவற்றையும் தன் கையாலேயே பெட்டியில் அடுக்கினார். கெட்ட வார்த்தை பேசுகிறவர் இல்லை. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

“மூணு மாசமா எங்க வீட்ல இந்தப் பெட்டியப் பத்திதான் பேச்சு. என்னைக் கட்டிக்கும்போதுகூட இவர் இவ்வளவு யோசிக்கல” என்று அவர் மனைவி முதலாளியிடம் சொன்னார்.

“அப்ப ரிவ்யூ கிடையாதே” என்றார் வாடிக்கையாளர். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு அந்த அம்மா, விழுகிறவருக்கு அடிபடாதா என்று கேட்டார். “பழக்கம் மேடம். பூனை மாதிரி விழுவான்” என்று முதலாளி சொன்னார். “பூனை கால எடுத்துக்கும் மேடம்” என்று மேஸ்திரி சொன்னார். முதலாளி அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

முதலில் அலுமினியப் பெட்டியை மாட்டிச் சாய்ந்தேன். தாங்கியது. அதன் பிறகு பிளாஸ்டிக் பெட்டியை மாட்டிச் சாய்ந்தேன். அதுவும் தாங்கியது. வாடிக்கையாளர் கைபேசியில் படம் எடுத்தபடியே, வண்டி கிடந்த நிலையில் மண்டியிட்டுக் கீழே பார்த்தார். எஞ்சினுக்கு அடிபடாமல் இருக்கச் சுற்றிப் பொருத்தியிருந்த இரும்புக் கம்பி கார்டும் தரையில் ஊன்றியிருந்ததைப் பார்த்துவிட்டு, “இதுவும் தாங்குதே. அப்ப பெட்டி தாங்குதா, கார்டு தாங்குதான்னு எப்படிச் சொல்றது? இதக் கழட்டிட்டுப் பாக்கலாம்” என்றார்.

“கழட்டினா பெட்டி ஒண்ணுதான் முட்டு சார். வேற பிடி இல்ல” என்றார் மேஸ்திரி.

“அதத்தான் பாக்கணும்.”

“கழட்டுங்க மேஸ்திரி. வேற கடை இல்லாமலா நம்ம கடைக்கு வந்திருக்காங்க?” என்றார் முதலாளி.

மேஸ்திரி கழற்றினார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடத்தில் நான் இருக்கவில்லை.

கார்டு இல்லாமல் அலுமினியப் பெட்டியுடன் சாய்ந்தேன். வண்டி முன்னைவிட அதிகமாகச் சரிந்தது, எஞ்சின் சூடு என் காலில் பட்டது, ஆனாலும் காலை உருவிக்கொள்ள இடம் இருந்தது. “தம்பி, ஓகேவா?” என்று வாடிக்கையாளர் கேட்டார். ஓகே சார் என்றேன். அந்த அம்மா, “போதுங்க. பாவம். இதையே வாங்கிடலாம்” என்றார். அதற்கு வாடிக்கையாளர், “அவருக்கு இதுதாம்மா வேலை” என்றார்.

அதன் பிறகு பிளாஸ்டிக் பெட்டியை மேஸ்திரி எடுத்தபோது வாடிக்கையாளர் தடுத்து, போகும் வழியில் தங்கும் இடங்களில் தன் மனைவிதான் பெட்டியைக் கழற்றி மாட்டப் போகிறார், ஆகவே இதை அவரே மாட்டிப் பார்க்கட்டும் என்றார். அந்த அம்மா மாட்டினார். “கிளிக்னு சத்தம் வந்துச்சு. மாட்டிடுச்சுல்ல?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. இழுத்துப் பார்க்க மேஸ்திரி கையை நீட்டியிருக்கிறார். அப்போது வாடிக்கையாளர் சொன்னது இது. நான் முன்பக்கம் பார்த்திருந்தாலும் இந்த வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன: “நீங்க கை வெக்காதீங்க. நீங்க சரி பண்ணிட்டா டெஸ்ட் கெட்டுப்போயிடும்.”

முதுகில் தட்டு விழவில்லை. நான் காத்திருந்தேன். முதலாளி, “ம், டமாலு” என்றார். நான் சாய்ந்தேன்.

பெட்டி தரையில் பட்ட சத்தம் கேட்டது. வழக்கமாக நிற்கும் இடத்தில் வண்டி நிற்கவில்லை. பெட்டி கழன்று, ரப்பர் பாயின் மேல் புரண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. வண்டி என் முழங்காலுக்குக் கீழே காலின் மேல் முழுசாகப் படுத்தது. கத்தினாயா என்று அதிகாரி கேட்டதற்கு, நினைவில்லை என்று சொல்கிறேன். வாடிக்கையாளர் முதலில் சொன்னது, “பூட்டு விழலையே” என்பது. பெட்டியைப் பார்த்துச் சொன்னார். அவர் மனைவி மட்டும் ஓடி வந்து தனியாக வண்டியைத் தூக்கப் பார்த்தார். அவரால் அதை அசைக்கக்கூட முடியவில்லை. மேஸ்திரியும் சேர்ந்த பிறகுதான் வண்டி எழுந்தது. முன்பக்கம் வேறு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், சத்தம் போடாதீர்கள் என்று முதலாளி சொல்லிவிட்டு இடைக் கதவைச் சாத்தினார். அதன் பிறகு கடைச் சரக்கு வேனில், அட்டைகளின் மேல் படுக்க வைத்து என்னை இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள்.

காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் வைத்து, எலும்புக்குள் திருகாணி முடுக்கியிருக்கிறார்கள். பாதத்தில் உணர்ச்சி திரும்பவில்லை. திரும்பாவிட்டால் பாதத்தை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று டாக்டர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா என்னிடம் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொள்ள என் கால்சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டு வந்து தலைமாட்டில் வைத்திருக்கிறாள். இரண்டு காலுக்கும் மடிப்பு வைத்திருக்கிறாள். சட்டம் பொருத்தும் வேலைக்கு நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழ வேண்டும். அந்த வேலை இனி எனக்கு இல்லை என்பது தெரியும்.

மேஸ்திரி ஒரு முறை பார்க்க வந்தார். என் காலில் இருந்த சட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பழக்கத்தில் ஒரு நட்டைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். “இறுக்கமாத்தான் இருக்கு” என்றார். அதன் பிறகு, “நான் அப்ப டீ குடிக்கப் போயிருந்தேன்னு சொல்லிட்டேன்டா” என்றார்.

“நீங்க டீயே குடிக்க மாட்டீங்களேண்ணே” என்றேன்.

“இனிமே குடிக்கணும்” என்றார். என் முதுகு கட்டிலில் இருந்ததால் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

முதலாளி கொடுத்த வாக்குமூலத்தில், நான் யாரும் இல்லாத நேரத்தில் வாடிக்கையாளரின் வண்டியில் ஏறி விளையாடி விழுந்துவிட்டதாக இருக்கிறது என்று அதிகாரி தெரிவித்தார். வாடிக்கையாளரும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார். படம் எடுத்தாரே என்று கேட்டதற்கு, பொத்தானை அமுக்க மறந்துவிட்டதால் எதுவும் பதிவாகவில்லை என்று அவர் சொல்லியிருப்பதாக அதிகாரி சொன்னார். அவர் மனைவியிடம் வாக்குமூலம் வாங்கப்படவில்லை. இருவரும் அலுமினியப் பெட்டிகளை வாங்கி மாட்டிக்கொண்டு பயணம் புறப்பட்டுவிட்டார்கள், எப்போது திரும்புவார்கள் என்று தெரியாது. கழன்று விழுந்த பிளாஸ்டிக் பெட்டி துடைத்துத் திரும்பவும் அலமாரியில் வைக்கப்பட்டிருக்கிறது. பாய் இருந்ததால் அதில் கீறல் இல்லை. ஆகவே அதையும் சாட்சியாகக் காட்ட முடியாது.

தன் மனைவியின் கை அந்தப் பெட்டியில் பட்டிருப்பதால்தான் வாடிக்கையாளர் இப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அந்த அம்மா மேல் எனக்குப் புகார் இல்லை. மாட்டத் தெரியாதவர் மாட்டினால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் அவரை மாட்டச் சொன்னார்கள். பார்த்துவிட்டார்கள். பார்ப்பதற்கு என் காலை வைத்தார்கள். என் புகார் அதுதான்.

விளையாடுகிறவன் காலை எடுத்துக்கொள்வான். நான் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. இதற்கு மேல் என்னிடம் சாட்சி இல்லை.

வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்வது: அதே வண்டியை அதே பின்கட்டில் நிறுத்துங்கள். கார்டைக் கழற்றுங்கள். பெட்டியில் அதே சாமானை அடுக்குங்கள். அந்த அம்மாவே வந்து மாட்டட்டும், மேஸ்திரி கை வைக்க வேண்டாம். வண்டியில் அந்த வாடிக்கையாளர் ஏறி உட்காரட்டும். முதலாளி பக்கத்தில் நின்று, கால எடுக்காதீங்க சார் என்று சொல்லட்டும். அவர் எடுக்காமல் சாய்ந்துவிட்டால், நான் விளையாடித்தான் விழுந்தேன் என்று எழுதி, நானே கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். இதை எந்தத் தேதியில் செய்வீர்கள்? அந்தத் தேதியை இங்கே எழுதுங்கள்.

மேலே கண்டவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன, பொய் ஏதும் இல்லை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதும் இல்லை. உட்கார முடியாத காரணத்தால் படுத்தபடி கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)