கடல்பசுவின் இரண்டாம் பாகம்

பொதுவாகவே இரண்டாம் பாகங்கள் எனக்கு ஒத்துவருவதில்லை, மேடம். முதல் பாகத்தில் ஒரு தாய்க் கடல்பசு, ஒரு குட்டி. மனதைப் பிசையும் கதை. இரண்டாவதில் நண்டு டான்ஸ் ஆடுகிறது, ஆமை ஜோக் அடிக்கிறது. கார்ட்டூன்தானே என்பீர்கள். அந்தக் கார்ட்டூனால்தான் இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தமானில் லாங் ஐலண்ட் தீவில், கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை. மழை வந்தால் அங்கே நெட் படுத்துவிடும். அதனால் மெயின்லேண்ட் போய் வருகிறவர்கள் பென் டிரைவில் கொண்டுவரும் படமெல்லாம் முதலில் என் லேப்டாப்புக்கு வரும். அப்புறம்தான் வீடு வீடாகப் போகும். பக்கத்து வீட்டு ராக்கப்பன், மீன் பிடிக்கிறவர், என்னை 'சென்சார் ஆபீசர்' என்றுதான் கூப்பிடுவார். எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

முதல் பாகத்தில் தாயை வலை இழுத்துக்கொண்டு போகும். குட்டி தனியாகக் காத்திருக்கும். என் பிரதி அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பதினான்கு நிமிடத்தில் தாய் திரும்பி வருவாள், அதை வெட்டிவிட்டேன். என் மகள் சங்கவிக்கு அப்போது ஐந்து வயது. உன் அம்மா கடலோடு போய்விட்டாள் என்று சொல்லி வளர்த்திருந்தேன். திரையில் ஒரு அம்மா திரும்பி வந்தால் குழந்தை ஏங்கிப்போகாதா?

அவளுக்கு மட்டும் வெட்டினால் மற்ற பிள்ளைகள் சொல்லிவிடும். அதனால் தீவுக்கே அந்தப் பிரதிதான். ராக்கப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னய்யா படம் இது, பச்சப்புள்ளைங்க பாக்குறதா?" என்றார். நானும் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தானே வெட்டிய படத்துக்குத் தானே அழுத ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்த வருடம் லீவு முடிந்து வந்த அகிலா டீச்சர், இரண்டாம் பாகத்தை என் கடைக்குக் கொண்டுவராமல் நேராகப் பள்ளிக்கூட ப்ரொஜெக்டரில் போட்டுவிட்டார். முதல் காட்சியிலேயே தாய் குட்டிக்குக் கடற்புல் ஊட்டுகிறாள். ஒரு பையன் எழுந்துவிட்டானாம்.

"டீச்சர், இது தப்புப் படம். அம்மா செத்துப்போச்சு."

"யாருடா சொன்னா? கடைசியில வந்துருவாளே. சென்னையில தியேட்டர்லயே பாத்தேன்."

"நஹி டீச்சர், கடைக்கார முத்துராஜ் அங்கிள் குடுத்த படத்துல வரவே இல்ல."

அன்றிலிருந்து டீச்சரின் பார்வை சரியில்லை. ரீசார்ஜுக்கு வந்தவர், சங்கவியின் அம்மா எந்த வருடம் தவறினார், எந்த ஊர் என்றெல்லாம் கேட்டார். டெத் சர்டிபிகேட் நகல் ஒன்று பள்ளி ஃபைலுக்கு வேண்டுமாம். ஜெராக்ஸ் கடைக்காரன் நகல் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? ராக்கப்பன்கூட என் முகத்தைப் பார்க்காமல் மீனைக் கொடுக்க ஆரம்பித்தார்.

சங்கவி மட்டும் நேராகக் கேட்டாள், டீச்சர் கடையில் நிற்கும்போதே.

"அப்பா, நம்ம அம்மாவுக்கும் மீதிப் படம் இருக்கா?"

இருந்தது, மேடம். தூத்துக்குடியில். விவாகரத்தானபோது கோர்ட்டு குழந்தையை அவள் அம்மா ப்ரியங்காவிடம் கொடுத்திருந்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்போது சங்கவிக்கு மூன்று வயது. ஒரு ஞாயிறு ஐஸ்கிரீம் வாங்கித்தருகிறேன் என்று கூட்டிப்போனேன். வாங்கியும் கொடுத்தேன், சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை. பிறகு சென்னை, கப்பல், புது சிம்.

கிளம்பும் முன் ப்ரியங்காவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். நானும் குழந்தையும் கடலில் இறங்குகிறோம், தேட வேண்டாம் என்று. பாவம், தேடி அலையக் கூடாதே. நம்புவதற்கு வசதியாகச் சங்கவியின் செருப்பைக் கரையில் கழற்றி வைத்தேன். புதுச் செருப்பு; மனசே இல்லை.

டீச்சர் உங்களுக்குச் சொன்னார், நீங்கள் தூத்துக்குடி போலீசுக்குச் சொன்னீர்கள், ப்ரியங்கா வந்துவிட்டாள். ஐந்து வருடமாகச் செத்துப்போன மகளுக்குத் திவசம் கொடுத்தவள்.

பக்கத்து அறையில் இரண்டு பேரும் அழுகிற சத்தம் உங்களுக்கும் கேட்கிறதுதானே? சங்கவி ஐந்து வருடம் என்னோடு இருந்தாள், மேடம். ஒரு நாள்கூட நான் அவளை இப்படி அழவிட்டதில்லை. அதை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.